வரிசை தெரிந்த ஒருத்தி

எங்கள் ஆபீஸில் மோட்டார் போட்டால் அதை நிறுத்த ஆள் இருக்காது. மொட்டை மாடியில் டேங்க் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒருத்தர் "யாராவது மோட்டார நிறுத்துங்கப்பா" என்பார். எழுந்து போவது எப்போதும் அவள்தான். 'யாராவது' என்பது தன்னுடைய பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாளோ என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். அவளுடைய உண்மைப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கூச்சப்படுவாள். அதோடு, எழுதுகிற உரிமை எனக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

நாமக்கல்லில் பரமத்தி ரோட்டில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை, எதிரே லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை. காலையிலிருந்து சாயங்காலம் வரை தகரத்தில் சுத்தியல் விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நாங்கள் பதினோரு பேர், லாரிக்காரர்களுக்கும் கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தோம். நான் புரோகிராம் எழுதுகிறவள் இல்லை, போன் எடுக்கிறவள். சேலத்தில் ட்ரிப் ஏறவில்லை, கரூரில் பிரிண்ட் வரவில்லை என்று கிளைகளிலிருந்து வருகிற புகார்களைக் கேட்டு, சொல்ல வேண்டியவரிடம் சொல்வது என் வேலை. ஏழு வருஷம் அவளிடம்தான் சொன்னேன். எங்கள் மேஜைகள் எதிரெதிரே இருந்தன. நான் ரிசீவரை வைத்துவிட்டு நிமிர்ந்தாலே அவளுக்குப் புரிந்துவிடும்.

"எந்த ஊருங்க்கா?" என்பாள்.

நான் ஊரைச் சொல்வேன்.

"நான் பாத்துக்கறேனுங்க" என்பாள்.

அவளுக்கு ஊர் பரமத்தி வேலூர். அப்பாவுக்கு ஆற்றோரம் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட எட்டு வயசு சின்னவள், ஒல்லி, பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பாள். ஒருநாள் வேலூரில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு, காலையில் அவள் வருகிற பஸ்ஸில் நானும் ஏறினேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆளைப் பார்க்க முடியவில்லை. மடியில் மூன்று சாப்பாட்டுப் பைகள், இரண்டு பள்ளிக்கூடப் பைகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டு முருங்கைக்காய். நின்றுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொடுத்தது. நாமக்கல் வந்ததும் அவளால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. பைகளுக்கு உரியவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு இறங்கும்வரை அவள் காத்திருந்தாள், நான் அவளுக்காகக் காத்திருந்தேன். எதுக்கு இத்தனையும் வாங்கிக்கறே என்று கேட்டேன். அவங்க நிக்கறாங்கல்லங்க, நான் உக்காந்துதானே இருக்கேன் என்றாள்.

ஆபீஸில் அவள் மடியில் இருந்த சுமை எது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் அவளைப் புரிந்துகொள்ள முடியாது.

ஒரு லாரி கிளம்புகிறது என்றால் எங்கள் சாஃப்ட்வேரில் அதற்கு ஒரு ட்ரிப் உருவாகும். வண்டி எண், டிரைவர், சரக்கு, எடை, எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று நாற்பதுக்கு மேல் விவரங்கள் ஒன்றாகச் சேர்ந்தது அந்த ட்ரிப். நாமக்கல்லில் உருவானது சேலத்திலும் கரூரிலும் ஆத்தூரிலும் ஓடுகிற புரோகிராம்களுக்கும் போய்ச் சேர வேண்டும். அப்படியே முழுசாக அனுப்ப முடியாது. பிரித்து, ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி கோத்து எடுக்க வேண்டும். எங்கள் ஆட்கள் புரோகிராம் எழுதுகிற ஜாவாவில் இதற்குத் தயாராக ஒரு வழி உண்டு, சீரியலைஸ் பண்ணுவது என்பார்கள். ஆனால் அது உள்ளே இருக்கிற விவரத்தோடு, அந்த விவரம் எப்படிப்பட்டது என்ற குறிப்புகளையும் கட்டிக்கொண்டு போகும். மூட்டை பெரிதாகிவிடும். அப்போது எங்கள் கிளைகளில் நெட் முக்கி முனகித்தான் வரும். ஒரு ட்ரிப்பை அனுப்பிவிட்டு, கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே அவள் அந்தத் தயார் வழியை விட்டுவிட்டுத் தானே ஒன்றை எழுதினாள். பெயர் கிடையாது, குறிப்பு கிடையாது. மதிப்புகள் மட்டும் வரிசையாகப் போகும். ஏழாவதாக வருவது எடை, பன்னிரண்டாவதாக வருவது இறக்குமிடம் என்று அனுப்புகிற பக்கத்துக்கும் வாங்குகிற பக்கத்துக்கும் ஒரே வரிசை தெரிந்திருந்தால் போதும். மூட்டை சின்னதாகிவிட்டது. ட்ரிப்புகள் நொடியில் போய்ச் சேர்ந்தன. முதலாளி அன்றைக்கு எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

வருஷம் போகப் போகத்தான் அதன் கஷ்டம் தெரிந்தது. ஒரு கிளைக்குப் புதிய வரிசை போயிருக்கும், இன்னொரு கிளையில் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். ஆத்தூரில் ஒரு விவரம் கூடுதல், கரூரில் இரண்டு விவரம் குறைச்சல். எந்த ஊரில் எந்த வரிசை ஓடுகிறது என்பது மொத்தமாக ஒரே இடத்தில்தான் இருந்தது. அவள் தலையில். நான் ஊரைச் சொன்னதும் அவள் கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் ஓட்டி எண்ணிப் பார்ப்பாள். பதினொண்ணு, பன்னண்டு, பதிமூணு. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு கீபோர்டுக்குத் திரும்புவாள்.

ஒருமுறை ஆபீஸில் எல்லாரும் வேன் பிடித்துக் கொல்லிமலைக்குப் போனோம். அவளும் வந்தாள். வேனில் எல்லாருடைய தின்பண்டமும் அவள் மடியில்தான். சேந்தமங்கலம் தாண்டி அடிவாரத்தில் டீக்கு நிறுத்தினார்கள். அவள் டிரைவரிடம், மேலே போன் எடுக்குமா என்று கேட்டாள். வளைவு ஏற ஏற டவர் இருக்காது, மேலே அங்கங்கே எடுக்கும் என்று அவர் சொன்னார். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நீங்க போயிட்டு வாங்கக்கா. நான் இங்கியே இருக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை, எந்தக் கிளையிலும் பெரிதாக வேலை நடக்காது என்று நான் சொல்லிப் பார்த்தேன். முதலாளியும் சொன்னார். ஆனால் ரொம்ப அழுத்திச் சொல்லவில்லை. இப்போது யோசித்தால், அவள் கீழே இருந்ததில் எங்கள் எல்லாருக்குமே ஒரு நிம்மதி இருந்திருக்கிறது. நாங்கள் அருவியில் குளித்தோம், அன்னாசிப்பழம் வாங்கித் தின்றோம். சாயங்காலம் இறங்கி வந்தபோது டீக்கடைப் பெஞ்சில் லேப்டாப் பையைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். போன் வந்ததா என்று கேட்டேன். வரலீங்க என்றாள். டீக்கடைக்காரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, இந்தப் புள்ளைக்கு என்ன, ஊட்டுல ஏதாவது சண்டையா, காலையில இருந்து மலையவே பாத்துக்கிட்டு உக்காந்துருக்குது என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அவள் முதலிலிருந்தே இவ்வளவு இறுக்கமாக இல்லை. அப்படி ஆனதற்கு ஒரு நாள் உண்டு.

அன்றைக்கு அவள் லீவு. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தாள். எங்களிடம் இன்னொரு புரோகிராமர் இருந்தார், வெண்ணந்தூர்க்காரர், தறிக் குடும்பம், நிதானமான மனுஷர். ஒரு பண்ணைக்காரர் ட்ரிப்பில் இன்னொரு விவரம் சேர்க்கச் சொல்லி நச்சரித்ததால் அதை அவர் சேர்த்தார். சேர்த்த இடம் வரிசையின் நடுவில். நாமக்கல்லுக்கும் கரூருக்கும் அப்டேட் போனது. சேலத்துக்குப் போகவில்லை. சேலத்துப் புரோகிராம் பழைய வரிசையிலேயே படித்தது. நடுவில் ஒன்று புகுந்ததால் அதற்குப் பின்னால் இருந்த எல்லாம் ஒவ்வொரு இடம் தள்ளிப்போயின. தப்பு என்று கம்ப்யூட்டர் சொல்லவில்லை, ஏனென்றால் ஒரு எண் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு எண்தான் இருந்தது. எந்தப் பண்ணையில் இறக்க வேண்டும் என்ற எண்ணின் இடத்தில் வேறொரு எண் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த எண்ணிலும் ஒரு பண்ணை இருந்தது, ஆத்தூருக்கு அந்தப் பக்கம்.

அன்று சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு வண்டியில் இருந்தவை பொரித்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சுகள். போக வேண்டிய பண்ணை பரமத்தி வேலூர் பக்கம். சித்திரை மாசத்து உச்சிவெயிலில் வண்டி ஆத்தூர் வரை போய், அந்தப் பண்ணைக்காரர் எனக்கு இல்லை என்று சொல்லி, அங்கிருந்து எங்களுக்குப் போன் பண்ணி, திரும்பி வந்து சேர்வதற்குள் பெட்டிகளில் பாதிக் குஞ்சுகள் அடங்கிவிட்டன.

மறுநாள் அந்த வேலூர்ப் பண்ணைக்கார அம்மா ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தார். நாற்பது வயசு இருக்கும், புருஷன் இல்லாமல் தனியாகப் பண்ணை பார்க்கிறவர். கையில் ஒரு குஞ்சுப் பெட்டி. சத்தம் போடவில்லை. இது யாரு பாக்கற வேலைங்க என்று கேட்டார். வெண்ணந்தூர்க்காரர் எழுந்திருக்கப் போனார். அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"நாந்தானுங்க பாக்கறேன். நாந்தானுங்க பாத்திருக்கணும்."

அந்த அம்மா பெட்டியை அவள் மேஜை மேல் வைத்து மூடியைத் திறந்தார். மஞ்சள் மஞ்சளாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. எதிர்ப் பட்டறையின் சுத்தியல் மட்டும் கேட்டது. அந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்ற வயசுல எனக்கும் ஒரு தங்கச்சி இருக்குது. உன்னியத் திட்ட வாயி வரல சாமி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்தப் பெட்டியை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு தனியாகக் கீழே போனாள். உதவிக்குப் போன என்னை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது அவள் நகக்கண்ணில் மண் இருந்தது.

அன்று மத்தியானம் முதலாளியின் அறைக்குப் போய், இனிமேல் அந்த வரிசையில் தன்னைத் தவிர யாரும் கை வைக்கக்கூடாது என்று அவளே சொன்னாள். முதலாளி சரியென்றார். நல்ல மனுஷர், குரல் உயர்த்தாதவர். "நீ இருக்கறப்ப எனக்கென்ன கவல அம்மிணி" என்றார். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. அது பாராட்டுதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் முழுசாக ஒரு நாள் லீவு எடுத்து நான் பார்க்கவில்லை.

இதில் என் பங்கையும் சொல்ல வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பினாள். ஈரோட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், மூணு மணிக்கு என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மாப்பிள்ளை போட்டோவையும் காட்டினாள். அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன், போட்டோவை இரண்டு தடவை காட்டினாள். மூன்றரைக்குக் கரூரில் எல்லாம் நின்றுபோனது. ஏழு வண்டிகள் கேட்டில் நிற்பதாக அங்கிருந்து ஒருவர் போனில் கத்தினார். நான் பத்து நிமிஷம் பொறுத்தேன். அவர் மறுபடி கத்தினார். வெண்ணந்தூர்க்காரரிடம் சொன்னேன், அவர் கையை விரித்தார். நான் அவளுக்குப் போன் போட்டேன்.

எடுத்தாள். பின்னால் டம்ளர்கள் வைக்கும் சத்தமும் ஒரு பெரியவர் மழை பற்றிப் பேசுவதும் கேட்டன. நான் ஊரைச் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தி, பதினாலாவது இடத்தில் என்ன வருகிறது என்று பார்க்கச் சொன்னாள். வெண்ணந்தூர்க்காரர் பார்த்துச் சொன்னார். அப்ப பதினஞ்ச விட்டுட்டு பதினாற எடுக்கச் சொல்லுங்க என்றாள். இப்படியே கால் மணி நேரம். கரூரில் வண்டிகள் கிளம்பின.

திங்கட்கிழமை அவள் வந்ததும் கேட்டேன். சொல்லி அனுப்பறேன்னாங்க என்றாள். மாப்பிள்ளையின் அம்மா, கல்யாணத்துக்கப்புறமும் இப்படித்தான் போன் வருமா கண்ணு என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?"

"ஆமாங்கன்னு சொன்னேன். பொய் சொல்ல முடியாதில்லைங்க்கா."

என் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் இருந்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவளுடைய அம்மா ஒருமுறை ஆபீஸ் போனில் கூப்பிட்டு, எம்புள்ளைய எப்பங்க உடுவீங்க என்று என்னிடம் கேட்டார். கைதியை எப்போது விடுவீர்கள் என்று ஜெயிலரைக் கேட்பது போல இருந்தது.

கோயமுத்தூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி அவளைக் கூப்பிட்டது அதற்கடுத்த வருஷம். இன்டர்வியூவுக்குப் போனது எனக்கே தெரியாது. எங்களைப் போலவே கிளை கிளையாக ஓடுகிற வேலைதான், ஆனால் அங்கே இந்த வேலைக்கு மட்டும் ஒரு குழுவே இருக்கிறது என்று சொன்னபோது அவள் கண் விரிந்தது. ஒருத்தர் லீவு போட்டா இன்னொருத்தர் பாப்பாங்களாம்க்கா என்றாள். ஏதோ வெளிநாட்டு அதிசயத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

முதலாளிக்குத் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "அவ போனா நாம என்ன பண்றதுங்க? நீங்க சொன்னா கேப்பா. ஒரு வருஷம் மட்டும் இருக்கச் சொல்லுங்க" என்றார். அவர் கட்டாயப்படுத்தவில்லை. நான் யோசித்தது முதலாளியைப் பற்றியும் இல்லை. அவள் போன பிறகு போன் அடிக்கும், நான் எடுப்பேன், நிமிர்ந்து பார்த்தால் எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். அந்தப் பயம்தான் எனக்கு இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம் பேசினேன். ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறாய், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, அவசரப்பட்டு ஏன் போக வேண்டும், ஒரு வருஷம் கழித்துப் போனால் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாமே அவள் நல்லதுக்குச் சொல்வது போலவே இருந்தன. சொல்லும்போது நானும் அப்படித்தான் நம்பினேன். அவள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இருக்கச் சொல்றீங்களாக்கா?"

"ஆமா கண்ணு."

"சரீங்க" என்றாள். டிபன் பாக்ஸை மூடினாள். பாதிச் சாதம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் இன்னும் அமைதியாகிவிட்டாள். மோட்டாரை நிறுத்தினாள், கிளைகளைப் பார்த்துக்கொண்டாள், என் புகார்களை வாங்கிக்கொண்டாள். ஒரே ஒரு மாற்றம், தினமும் காலையில் ஒரு பஸ் முன்னாலேயே வந்துவிடுவாள். நான் வரும்போது கம்ப்யூட்டரில் மூழ்கியிருப்பாள். என்ன வேலை என்று கேட்டால், சின்னச் சின்னதாச் சரி பண்றதுங்க என்பாள். மாசத்துக்கு ஒரு கிளைக்கு அப்டேட் அனுப்புவாள். எங்கேயும் எதுவும் நிற்கவில்லை. உண்மையில் போன்களே குறைந்தன. அவள் மனசு ஆறிவிட்டது, இனிப் போக மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டு மாசம் போனது. ஒரு புதன்கிழமை காலையில் அவள் வெண்ணந்தூர்க்காரரிடம் போய், ட்ரிப்பில் உங்களுக்குப் பிடித்த இடத்தில், நடுவிலேயேகூட, ஏதாவது ஒரு புது விவரத்தைச் சேருங்கள் என்றாள். அவர் பயந்துபோனார். அந்தக் குஞ்சுப் பெட்டியை அவரும் மறந்திருக்கவில்லை. சேருங்க, ஒண்ணும் ஆகாது என்று சொல்லிவிட்டு, நான் கீழ போயி டீ குடிச்சுட்டு வாரேன் என்று இறங்கிப் போனாள். அவர் நடுவில் ஒன்றைச் சேர்த்தார். நாமக்கல்லுக்கு மட்டும்தான் அப்டேட் போட்டார், மற்ற ஊர்களுக்குப் போடவில்லை. நாங்கள் எல்லாரும் அவர் பின்னால் நின்றோம். சேலம் பழையதை வைத்துக்கொண்டே சரியாகப் படித்தது. கரூர் படித்தது. ஆத்தூர் படித்தது. புது விவரம் தெரியாத ஊர்கள் அதைத் தாண்டிவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டன.

அந்த எட்டு மாசத்தில் அவள் செய்த வேலை அதுதான். தான் எழுதியதைத் தானே பிரித்துப் போட்டிருக்கிறாள். இப்போது ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் அதற்கென்று ஒரு அடையாள எண்ணும் நீளமும் போகும்படி மாற்றிவிட்டாள். எந்த இடத்தில் வந்தாலும் அது என்ன என்று தெரிந்துவிடும், தெரியாதது வந்தால் எவ்வளவு தூரம் தாண்ட வேண்டும் என்றும் தெரிந்துவிடும். முதலில் எல்லா ஊருக்கும் இரண்டு விதமும் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகே ஒவ்வொரு ஊராகப் புது விதத்தில் அனுப்ப வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் தமிழில் எழுதி, பிரிண்ட் எடுத்து, தைத்து வெண்ணந்தூர்க்காரர் மேஜையில் வைத்திருந்தாள். நான்கூடப் படித்தால் புரிந்தது. இனி வரிசை யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவளும் தேவையில்லை.

டீ குடித்துவிட்டு மேலே வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். தன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் ஒன்றுமே இல்லாமல் அவளைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை என்று தோன்றியது. பிறகு எழுந்து முதலாளியிடம் போய்க் கடிதத்தைக் கொடுத்தாள். கோயமுத்தூர்க்காரர்கள் அவளுக்காக இடத்தை வைத்திருக்கவில்லை, அவளே மறுபடி கேட்டு வாங்கியிருக்கிறாள். முதலாளி கடிதத்தைப் படித்தார். சரி அம்மிணி என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. மாடிப்படியில் அவளை நிறுத்திக் கேட்டேன், எட்டு மாசம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேனே, என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று.

அவள் முதல் முறையாக என் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள்.

"சொன்னா நீங்க இருக்கச் சொல்லுவீங்கக்கா. நீங்க சொன்னா நான் இருந்துருவேன். அந்தப் பயம்தான் எனக்கு."

நான் கைப்பிடியை விட்டு நகர்ந்து நின்றேன். அவள் இறங்கிப் போனாள்.

அவள் போன பிறகு எதுவும் நிற்கவில்லை. ஒரு மாசம், இரண்டு மாசம் பார்த்தேன். வெண்ணந்தூர்க்காரர் நான்கைந்து விவரங்களைச் சேர்த்தார், ஒரு ஊரும் முனகவில்லை. அவளைக் கூப்பிட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மூன்றாவது மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸில் யாரும் இல்லாதபோது, காரணம் இல்லாமலே கூப்பிட்டேன்.

"எந்த ஊருங்க்கா?" என்றாள் எடுத்ததும்.

"எந்த ஊரும் இல்ல கண்ணு. எல்லாம் நல்லா ஓடுது. சும்மாதான் கூப்புட்டேன்."

கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"சும்மா கூப்புட்டா என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலீங்க்கா" என்றாள் கடைசியில்.

எனக்கும் தெரியவில்லை. ஏழு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும், எதைப் பார்த்தால் பயம் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் மகளின் பெயர் அவளுக்குத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது. அவள்தான் தயங்கித் தயங்கி மறுபடி ஆரம்பித்தாள். அடுத்த வாரம் கூப்புடுங்க, அதுக்குள்ள பேசறதுக்கு ஏதாவது யோசிச்சு வெக்கறேன் என்றாள்.

"நீ ஒண்ணும் யோசிக்க வேண்டாம் சாமி" என்றேன். "இப்ப நான் பேசறேன். நீ சும்மா கேளு. புடிக்கலீன்னா வெச்சுரு."

என் மகள் வீட்டில் மீன் வளர்க்க ஆசைப்படுவதையும், வாங்கி வந்த இரண்டு மீனும் இரண்டாம் நாளே செத்துப்போனதையும், அவள் மறுபடி இரண்டு வாங்கி வந்திருப்பதையும் சொல்ல ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.